'சேவ் ஆச்சு' என்கிறது, டேபிள் காலியாக இருக்கிறது: ஹைபர்நேட் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் தம்பி ஒருவர் ஜாவா படிக்கத் தொடங்கியிருக்கிறார். அம்மா கொழுந்தெடுப்பவர். அன்றன்று நிறுவையில் விழும் கிலோவை வீட்டிலேயே பதிந்து வைத்து, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ப்ரோகிராம் எழுதுகிறார். பயன்படுத்துவது ஹைபர்நேட் (ஜாவாவில் இருப்பதை டேட்டாபேஸ் டேபிள்களில் சேமித்துத் தரும் கருவி), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்), விண்டோஸ் லெப்டொப். "சேவ் பண்ணும்போதெல்லாம் 'சேவ் ஆச்சு, ஐடி 1' என்று வருகிறது, டேபிளைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கூட்டாளி சொல்லி கமிட் (எழுதியதை உறுதியாக்கும் கட்டளை) சேர்த்தேன், உடனே வந்தது. மறுநாள் திறந்தால் நேற்றுப் போட்ட கணக்கைக் காணோம். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன. நிறுவை டேபிளில் தொழிலாளி ஐடி காலியாகவே இருக்கிறது. லெப்டொப்பை போர்மட் பண்ணிப் பார்க்கவா?"

தம்பி, போர்மட் எல்லாம் வேண்டாம். லெப்டொப் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 'ஐடி 1' என்று ஒவ்வொரு தடவையும் வருகிறது என்கிறீர்களே, அந்த 1-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஐடியைத் தானாக ஏறும் எண்ணாக வைத்திருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்த எண் ஒருவழிப் பாதை. ஒரு வரியைப் போட்டு, கமிட் செய்யாமல் விட்டால் வரி போய்விடும், ஆனால் அதற்குக் கொடுத்த எண் திரும்பி வராது. அதாவது உங்கள் குறை கமிட் இல்லாதது மட்டும்தான் என்றால், டேபிள் காலியாக இருந்தாலும் திரையில் ஐடி 1, அப்புறம் 2, அப்புறம் 3 என்று ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். எப்போதும் 1 என்றால் டேபிளே ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறது என்று அர்த்தம். ஆக உங்களிடம் இருப்பது இரண்டு பிழைகள். ஒன்றின் நிழலில் மற்றது ஒளிந்துகொண்டிருக்கிறது. கமிட் சேர்த்ததும் ஒன்று தீர்ந்தது, மற்றது மறுநாள்தான் முகத்தைக் காட்டியது.

முதலில் அந்த மறைந்திருந்ததைப் பிடிப்போம். ஹைபர்நேட்டுக்கான அமைப்புகள் இருக்கும் உங்கள் பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் 'எச்பிஎம்2டிடிஎல் ஆட்டோ' என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 'கிரியேட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன், ஏனென்றால் ஆரம்பப் பாடங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. பாடம் எழுதுபவருக்கு அது வசதி. ஒவ்வொரு தடவையும் சுத்தமான டேபிளோடு தொடங்கலாம். 'கிரியேட்' என்றால் ப்ரோகிராம் தொடங்கும்போது இருக்கிற டேபிள்களை டிராப் செய்துவிட்டு (அழித்துவிட்டு) மறுபடி உருவாக்கு என்று பொருள். 'கிரியேட்-டிராப்' இன்னும் ஒருபடி மேல், முடிக்கும்போதும் அழித்துவிட்டுப் போகும். ஷோ எஸ்கியூஎல் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரையின் மேல்பக்கத்தில், உங்கள் இன்செர்ட்டுக்கு (வரியைச் சேர்க்கும் கட்டளைக்கு) வெகு முன்னாலேயே, 'டிராப் டேபிள்' என்று வரிகள் ஓடும். நேற்றைய கணக்கு போன இடம் அதுதான்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் நானும் இதே குழியில் விழுந்தவன். பண்டாரவளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடைக்கு முதன்முதலாகக் கணக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் லெப்டொப்பை நிறுத்துவதே இல்லை, ப்ரோகிராம் ஓடியபடியே மூடியைச் சாத்தி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் மூன்று வாரம் எல்லாம் சரியாக ஓடியது. நாலாவது வாரம் ஒரு மழை நாளில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுநாள் காலையில் திறந்தபோது லீக்ஸ் கடன், கரட் கடன் எல்லாம் பூஜ்யம். நல்ல வேளை, அவர் என்னை நம்பாமல் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார்.

'கிரியேட்' என்பதை 'அப்டேட்' என்று மாற்றுங்கள். அது டேபிள் இல்லாவிட்டால் உருவாக்கும், புதிய காலம் (டேபிளின் நெடுவரிசை) வந்தால் சேர்க்கும், இருப்பதை அழிக்காது. அழிக்காது என்பதிலேயே ஒரு சின்னத் தொல்லையும் உண்டு. நீங்கள் ஜாவா வகுப்பில் (கிளாஸில்) 'கிலோ' என்று வைத்த பெயரை 'நிகர நிறை' என்று மாற்றினால், ஹைபர்நேட்டுக்கு அது பெயர் மாற்றம் என்று தெரியாது. புதிய காலம் ஒன்றைச் சேர்த்துவிட்டு, பழைய 'கிலோ'வை அப்படியே விட்டுவிடும். அந்தப் பழைய காலம் காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு இருந்தால், அடுத்த இன்செர்ட்டில் 'இந்தக் காலத்துக்கு டிஃபோல்ட் மதிப்பு இல்லை' என்று மைஎஸ்கியூஎல் கத்தும். அப்போது பழைய காலத்தைக் கையாலேயே நீக்க வேண்டும். வீட்டு ப்ரோகிராமுக்கு இது போதும். நாளைக்கு வேறு யாருக்காவது எழுதிக் கொடுப்பதாக இருந்தால் 'வாலிடேட்' (சரிபார்ப்பது மட்டும், எதையும் மாற்றாது) என்று வைத்து, டேபிள் மாற்றங்களை எஸ்கியூஎல்லாக நீங்களே எழுதுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே பார்த்துவிடுங்கள். என்டிட்டி மேனேஜர்களை (டேட்டாபேஸோடு பேசும் ஆட்களை) உருவாக்கித் தரும் என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரியை எங்கே உருவாக்குகிறீர்கள்? சேவ் பட்டனுக்குள் உருவாக்கினால், 'கிரியேட்' இருக்கும்வரை ஒவ்வொரு அழுத்தலிலும் டேபிள் அழிந்து மறுபடி பிறக்கும். பத்துப் பேரைப் பதிந்தாலும் கடைசி ஆள் மட்டும் மிஞ்சுவார். ஃபேக்டரி என்பது ப்ரோகிராம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று, தொடக்கத்தில் உருவாக்கி முடிவில் மூட வேண்டியது. என்டிட்டி மேனேஜர்தான் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று என்று எடுத்து, வேலை முடிந்ததும் மூடுவது. பட்டனை அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி திணறுகிறது என்றாலும் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கமிட். உங்கள் கூட்டாளி சொன்னது சரி, ஆனால் ஏன் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. இது உங்கள் வீட்டிலேயே தெரிந்த விஷயம். அம்மா பறித்த கொழுந்து கூடையில் இருக்கும்வரை அது கணக்கில்லை. பெர்சிஸ்ட் என்பது கூடையில் போடுவது. ஃப்ளஷ் என்பது தராசில் ஏற்றுவது, அதாவது இன்செர்ட் வரி டேட்டாபேஸுக்குப் போவது. கமிட் என்பது கணக்கப்பிள்ளை செக்ரோலில் (தோட்டத்துப் பதிவேட்டில்) எழுதுவது. தராசில் ஏற்றி முள்ளும் நின்ற பிறகு, எழுதுவதற்கு முன் சாக்கை இறக்கிவிட்டால் அன்றைக்குப் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழுமா?

உங்கள் விஷயத்தில் குழப்பம் கூடியதற்குக் காரணம் உண்டு. ஐடியை டேட்டாபேஸே கொடுக்கும்படி வைத்தால், அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக ஹைபர்நேட் பெர்சிஸ்ட் சொன்ன உடனேயே இன்செர்ட்டை அனுப்பிவிடும். கமிட்டுக்குக் காத்திருக்காது. ஆகவே திரையில் இன்செர்ட் தெரிந்தது, ஐடியும் வந்தது, 'சேவ் ஆச்சு' என்று உங்கள் பிரிண்ட் வரியும் ஓடியது. எல்லாம் தராசு மட்டும்தான். ப்ரோகிராம் முடிந்து கனெக்ஷன் அறுந்ததும் மைஎஸ்கியூஎல் தானாக ரோல்பேக் பண்ணிவிட்டது, அதாவது போட்டதைத் திரும்ப எடுத்துவிட்டது. ட்ரான்ஸாக்ஷனை (கமிட்டில் முடியும் ஒரு வேலைத் தொகுதியை) பிகின் செய்யவே மறந்திருந்தால் இன்செர்ட் வரியே வந்திருக்காது, பிழை மெசேஜும் வராது, சத்தமில்லாமல் போயிருக்கும். அடுத்த தடவை இப்படி வந்தால், திரையில் இன்செர்ட் வந்ததா இல்லையா என்பதை வைத்தே எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லிவிடலாம்.

'சேவ் ஆச்சு' என்று பிரிண்ட் பண்ணும் வரியைக் கமிட்டுக்கு அடுத்த வரியாக வையுங்கள். அதற்கு முன் எங்கே வைத்தாலும் அது பொய் சொல்லும். அப்புறம் உங்கள் கேட்ச் பகுதி காலியாக இருக்கிறதா பாருங்கள். காலியான கேட்ச் என்பது பிழையைப் பிடித்து வாயைப் பொத்துவது. கேட்சுக்குள் ட்ரான்ஸாக்ஷன் இன்னும் உயிரோடு இருந்தால் ரோல்பேக் செய்து, பிழையை அப்படியே மறுபடி மேலே எறியுங்கள். ஃபைனலிக்குள் என்டிட்டி மேனேஜரை மூடுங்கள். இவ்வளவும் ஒரே மெதடில் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் எல்லாச் சேவுக்கும் அதையே கூப்பிடலாம்.

இரண்டையும் திருத்தியும் டேபிள் காலி என்றால், நீங்கள் பார்க்கும் டேட்டாபேஸும் ப்ரோகிராம் எழுதும் டேட்டாபேஸும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். வெப் பாடத்துக்காக முதலில் ஸாம்ப் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் ஒன்றாக வரும் தொகுப்பு) போட்டிருப்பீர்கள், பிறகு மைஎஸ்கியூஎல்லைத் தனியாகவும் போட்டிருப்பீர்கள். ஸாம்ப் 3306 போர்ட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றது 3307-க்குப் போயிருக்கும். ப்ரோகிராம் ஒன்றில் எழுதும், நீங்கள் பிரவுசரில் மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு 'காணோம்' என்பீர்கள். கனெக்ஷன் யூஆர்எல்லில் 'டேட்டாபேஸ் இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் இன்னொரு கூத்து நடக்கும். பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் பிழை வராது. அந்தத் தவறான பெயரிலேயே புதிதாக ஒரு டேட்டாபேஸ் முளைத்து, உங்கள் கணக்கெல்லாம் அதில் போய் உட்காரும். யூஆர்எல்லில் இருக்கும் போர்ட்டையும் பெயரையும் கண்ணால் ஒப்பிடாமல், கொப்பி எடுத்து அப்படியே ஒட்டிக் கனெக்ட் பண்ணிப் பாருங்கள்.

இனி கேள்விக்குறி. இதில் அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் கேள்விக்குறி இரண்டு இடங்களில் உருவாகலாம். டேட்டாபேஸுக்குள் போகும்போதே எழுத்து செத்திருக்கலாம். அல்லது உள்ளே பத்திரமாக இருந்து, விண்டோஸின் கறுப்புத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாமல் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள, மைஎஸ்கியூஎல்லில் பெயர்க் காலத்தை ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு செலக்ட் செய்யுங்கள். யூடிஎஃப்-8-இல் (யூனிகோட் எழுத்தைப் பைட்டாக எழுதும் முறையில்) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். அவை 'ஈ0ஏஈ' அல்லது 'ஈ0ஏஎஃப்' என்றே தொடங்கும். வரிசையாக அப்படி வந்தால் தரவு நலம், திரையைத்தான் குறை சொல்ல வேண்டும். '3எஃப்3எஃப்3எஃப்' என்று வந்தால் அவை உண்மையாகவே கேள்விக்குறிகள். போன எழுத்து போனதுதான், மீட்க வழியில்லை, மறுபடி அடிக்க வேண்டும். மூன்றாவதாக 'சி3ஏ0' என்று தொடங்கினால் எழுத்து இரண்டு முறை குறியீடு மாறியிருக்கிறது. சோர்ஸ் கோப்பு யூடிஎஃப்-8-இல் இருக்க, கம்பைலர் அதை விண்டோஸின் பழைய குறியீடாகப் படித்தால் பெரும்பாலும் இப்படி ஆகும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8-தான் இயல்பு. அதற்கு முந்தையது என்றால் கம்பைலருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உள்ளேயே செத்திருந்தால், டேபிளின் கேரக்டர் செட்டைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8-இலிருந்து இயல்பாகவே 'யூடிஎஃப்8எம்பி4' வருகிறது, அதற்கு முன் 'லத்தீன்1' இருந்தது. டேபிளை மாற்றுங்கள், ஜாவாவையும் மைஎஸ்கியூஎல்லையும் இணைக்கும் கனெக்டர் ஜாரும் பழையதென்றால் புதியதைப் போடுங்கள். பழைய கனெக்டர், சர்வர் லத்தீன் என்று சொன்னால் தானும் லத்தீனில் பேசப் போய்விடும்.

அதோடு ஒன்று கேட்கிறேன்: பெயர்களை எதில் அடித்தீர்கள்? பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் எதையாவது கொப்பி எடுத்து ஒட்டியிருந்தால், உள்ளே இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் தமிழ் வேஷம் போட்டுக்கொண்டிருக்கின்றன. நம் பக்கம் இன்னும் நிறைய ஆவணங்கள் பாமினியில்தான் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் டேட்டாபேஸுக்குள் விட வேண்டும்.

பெயர்க் காலத்துக்கு நீளம் 10 என்று வைத்திருக்கிறீர்கள். 'முத்துலட்சுமி' என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. மு, த், து, ல, ட், சு, மி. ஆனால் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறியீடுகள். 'ல' மட்டும் ஒன்று, மற்ற ஆறும் இரண்டிரண்டு, மொத்தம் 13. ஜாவாவில் லெங்த் கேட்டாலும் 13 என்றே சொல்லும், மைஎஸ்கியூஎல்லும் அப்படியே எண்ணும். உங்கள் 10-க்குள் முத்துலட்சுமி அக்கா நுழைய மாட்டார், 'டேட்டா டூ லோங்' என்று வாசலிலேயே நிறுத்திவிடும். 100 என்று வையுங்கள், இடம் வீணாகாது.

இப்போது காலியாகக் கிடக்கும் தொழிலாளி ஐடி. நீங்கள் அனுப்பிய வகுப்புகளைப் பார்த்தேன். தொழிலாளிக்குள் நிறுவைகளின் லிஸ்ட் இருக்கிறது, அதற்கு 'மேப்ட்பை' போட்டிருக்கிறீர்கள். நிறுவைக்குள் தொழிலாளி என்ற ஃபீல்ட் இருக்கிறது. சேவ் பண்ணும்போது லிஸ்டில் நிறுவையைச் சேர்த்துவிட்டு விட்டுவிடுகிறீர்கள். 'மேப்ட்பை' என்றால் 'இந்தப் பக்கம் வெறும் கண்ணாடி, உண்மையான பிடி மறுபக்கத்தில் இருக்கிறது' என்று ஹைபர்நேட்டுக்குச் சொல்வது. ஃபாரின் கீ, அதாவது நிறுவை டேபிளின் தொழிலாளி ஐடியை எழுதும்போது ஹைபர்நேட் நிறுவைக்குள் இருக்கும் தொழிலாளி ஃபீல்டை மட்டும்தான் பார்க்கும். அங்கே நல் (வெறுமை) இருந்தால் டேபிளிலும் நல். கொழுந்துச் சாக்கில் பேர் எழுதாமல், உங்கள் வீட்டுக் கொப்பியில் மட்டும் 'இந்தச் சாக்கு எங்களது' என்று எழுதி வைத்தால் கணக்கப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தொழிலாளி வகுப்பில் 'நிறுவை சேர்' என்று ஒரு மெதட் எழுதுங்கள். அது லிஸ்டிலும் சேர்க்கட்டும், நிறுவையில் தொழிலாளியையும் செட் பண்ணட்டும். வெளியிலிருந்து நேரடியாக லிஸ்டைத் தொடவே விடாதீர்கள். ஃபாரின் கீ காலத்துக்கு 'நல் கூடாது' என்றும் போட்டுவிட்டால், நாளைக்கு மறந்தாலும் அந்த இடத்திலேயே பிழை கத்தும், காலியாகப் போய் உட்காராது.

இதை எழுதும்போதே மற்றொன்றும் கண்ணில் பட்டது. நிறையை ஃப்ளோட் என்று வைத்திருக்கிறீர்கள். சம்பளத் துண்டோடு ஒப்பிடப் போகிற கணக்குக்கு அது ஆகாது, சில்லறையில் பிசகும். தசமத்தைப் பிசகாமல் வைக்கும் பிக்டெசிமல் வையுங்கள். மொத்த நிறை, சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்தது, நிகர நிறை என்று மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். இப்போது நீங்கள் கழித்த பிறகு வந்த எண்ணை மட்டும் பதிகிறீர்கள். மாதம் முழுக்க எவ்வளவு கழிபட்டது என்று கேட்டால் உங்கள் ப்ரோகிராமால் சொல்ல முடியாது, அம்மாவுக்கு வேண்டியதோ அந்த எண்தான். ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்பதையும் கோடுக்குள் எண்ணாக எழுதாதீர்கள். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், காலத்துக்கும் மாறும். தனி டேபிளில், எந்தத் திகதியிலிருந்து என்ற விபரத்தோடு இருக்கட்டும்.

திகதிக்கு பழைய டேட் வகுப்பை விட்டுவிட்டு, திகதியை மட்டும் வைக்கும் லோக்கல்டேட்டைப் பிடியுங்கள். பழையது நேரத்தையும் சேர்த்துச் சுமக்கும். நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். இங்கே நள்ளிரவு 12 என்பது அங்கே முந்தைய நாள் மாலை 6.30. கனெக்ஷனில் நேர வலயம் பொதுநேரம் என்று இருந்தால் செவ்வாய்க்கிழமைக் கொழுந்து திங்கட்கிழமையில் போய் விழும். இன்னொரு வேடிக்கை: இலங்கை நேரம் 1996-இல் இரண்டு தடவை மாறி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5.30-க்கு வந்தது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களின் பிறந்த திகதியைப் பழைய டேட்டில் வைத்து 5.30 என்று கையால் கழிப்பவர்களுக்கு அரை மணி, ஒரு மணி என்று பிசகும். லோக்கல்டேட்டுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

மற்றவை சின்னச் சின்னது. என்டிட்டி வகுப்பில் ஆர்கியூமெண்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேவ் ஆகும், படிக்கும்போதுதான் விழும். உங்கள் நிறுவை வகுப்பில் அது இல்லை. ஐடியை நீங்களே செட் பண்ணிவிட்டு பெர்சிஸ்ட் கூப்பிட்டால் 'டிட்டாச்ட் என்டிட்டி' என்று திட்டும், ஐடியைத் தொடாமல் விடுங்கள். பழைய பாடத்திலிருந்து 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் இம்போர்ட்டுகளைக் கொப்பி எடுத்து, ஜாராக ஹைபர்நேட் 6-ஐப் போட்டால் அது உங்கள் வகுப்பை என்டிட்டி என்றே ஏற்காது. 6-இலிருந்து எல்லாம் 'ஜகார்த்தா' தான். பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல்லுக்குள் இருக்கும் அமைப்புப் பெயர்களிலும் அதை மாற்ற மறக்காதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டிய வரிசை: முதலில் 'அப்டேட்' என்று மாற்றுங்கள், பிறகு கமிட்டைச் சரிபாருங்கள், நீளம் 10-க்குள் அடங்கும் சின்னப் பெயர் ஒன்றைப் பதியுங்கள், ப்ரோகிராமை மூடித் திறந்து இன்னொரு பெயரைப் பதியுங்கள். ஐடி முந்தைய பெயருடையதைவிட ஏறி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்குப் பிறகு கன்ஸ்ட்ரக்டர், நிறுவை, தமிழ் என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது தீர்த்தது என்று உங்களுக்கே தெரியாது.

இன்னும் பிழை வந்தால் சிவப்பு எழுத்து முழுவதையும் எழுத்தாகவே கொப்பி எடுத்து அனுப்புங்கள், போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். அந்த நீளமான சிவப்பில் 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகள் இருக்கும், அவற்றில் கடைசியாக வருவதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். படத்தில் அது எப்போதும் வெட்டுப்பட்டுப் போகிறது. அப்புறம், நிறுவையில் கொடுக்கும் துண்டுகளை அம்மா சேர்த்து வைக்கிறார் என்றீர்களே, ப்ரோகிராம் ஒரு முழு மாதம் துண்டுகளோடு ஒத்துப்போகும் வரைக்கும் அந்தத் துண்டுகளை எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.